நனைந்த பிறகும் முக்காடு போடலாம்

என்னிடம் ஆறு பழைய நாட்குறிப்புகள் இருக்கின்றன. ஆறும் ஒரே கதை. ஜனவரி 1 அன்று பக்கம் நிரம்பி, ஓரத்திலும் எழுத்து. இரண்டு மூன்று நாள் அதே வேகம். பிறகு எழுத்து சுருங்கும். 9 அல்லது 10ஆம் தேதி ஒரு வெற்றுப் பக்கம் வரும். அதற்கப்புறம் டிசம்பர் 31 வரை வெறும் தாள். ஒன்றில் மட்டும் பிப்ரவரி 3 அன்று "இனிமேல் ஒழுங்காக" என்று பாதியில் நின்ற ஒரு வாக்கியம்.

இதைச் சோம்பேறித்தனம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். வீட்டில் 'ஆரம்ப சூரன்' என்று பட்டம் வேறு. ஒரு நாள் ஆறையும் வரிசையாக வைத்துப் புரட்டியபோதுதான் ஒன்று உறைத்தது. பத்தாம் தேதி எழுதாமல் போனதற்குக் காரணம் இருந்தது: காய்ச்சல், விருந்தாளி, நள்ளிரவில் வீடு திரும்பிய பயணம். பதினொன்றாம் தேதி எழுதாததற்குத்தான் காரணமே இல்லை. அன்று நேரம் இருந்தது, பேனா இருந்தது. முந்தின நாளின் காலிப் பக்கம் என்னை முறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். 'முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு' என்று மனசு சொல்லிவிட்டது. என் ஆறு வருடப் புத்தாண்டுத் தீர்மானங்களையும் முடித்துவைத்தது அந்தப் பழமொழி.

அதனால் இந்த வழிகாட்டியில் தீர்மானம் எடுப்பதைப் பற்றிக் கொஞ்சமும், தவறிய நாளையும் அதன் மறுநாளையும் பற்றி நிறையவும் இருக்கும். முதல்முறை தீர்மானம் எடுப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பலமுறை எடுத்துப் பலமுறை விட்டவர்களும் படிக்கலாம். நாம் ஒரே வகுப்பு.

முதலில் ஒரு கணக்கு

ஜான் நார்கிராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் புத்தாண்டுத் தீர்மானம் எடுத்த 200 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். முதல் வாரம் தாண்டியவர்கள் 77 சதவீதம். ஒரு மாதம் கழித்து 55. ஆறு மாதத்தில் 40. இரண்டு ஆண்டு முடிவில் 19 சதவீதம் பேர் மட்டுமே தீர்மானத்தோடு நின்றார்கள்.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, ஐந்தில் ஒருவர்கூடத் தேறவில்லை" என்று சொல்வது வழக்கம். எனக்கு அதே ஆய்வில் வேறொரு எண்தான் கண்ணில் பட்டது. கடைசிவரை நின்ற அந்தச் சிலரிலேயே 53 சதவீதம் பேர் ஒருமுறையாவது சறுக்கியிருந்தார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் சறுக்கல்களின் சராசரி எண்ணிக்கை 14. பதினான்கு! நான் ஒரே ஒரு காலிப் பக்கத்துக்கு நோட்டையே மூடியவன்.

ஆகவே சறுக்காமல் இருப்பது எப்படி என்று யோசிப்பதை விட்டுவிடலாம். சறுக்கல் வரும். வந்தால் என்ன செய்வது என்பதை, வருவதற்கு முன்பே முடிவு செய்து வைப்பதுதான் வேலை.

படி 1: ஒன்றே ஒன்று, அதுவும் செய்யக்கூடியதாக

பட்டியலில் எத்தனை இருந்தாலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை வேறொரு தாளில் எழுதி மடித்து வையுங்கள், ஓடிவிடாது.

அந்த ஒன்றையும் 'செய்யமாட்டேன்' என்று எழுதாமல் 'செய்வேன்' என்று எழுத முடியுமா பாருங்கள். சுவீடனில் ஆயிரத்துக்கும் அதிகமானவர்களை ஓராண்டு தொடர்ந்து, 2020இல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாக ஒன்றைச் செய்வதாகத் தீர்மானித்தவர்களில் 58.9 சதவீதம் பேர் தாங்கள் வெற்றி பெற்றதாகச் சொன்னார்கள். ஒன்றைத் தவிர்ப்பதாகவோ நிறுத்துவதாகவோ தீர்மானித்தவர்களில் அது 47.1 சதவீதம். பெரிய இடைவெளி இல்லைதான். ஆனால் வார்த்தையை மாற்றுவதற்குச் செலவு ஒன்றும் இல்லையே. 'இரவில் போன் பார்க்கமாட்டேன்' என்பதை 'படுக்கையில் புத்தகம் படிப்பேன்' என்று ஆக்கலாம். கைக்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. 'பார்க்கமாட்டேன்' என்று எழுதினால் இரவு முழுக்க போனைத்தான் நினைத்துக்கொண்டிருப்போம்.

படி 2: இரண்டு அளவுகள்

புதியவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கே. தீர்மானம் எடுக்கிற நாளில் நாம் ஓய்வாக இருக்கிறோம், நன்றாகத் தூங்கி எழுந்திருக்கிறோம், உற்சாகம் பொங்குகிறது. அந்த ஆள் போடுகிற திட்டத்தை, மார்ச் மாதத்தில் தலைவலியோடு வீடு திரும்புகிற இன்னோர் ஆள் நிறைவேற்ற வேண்டியிருக்கிறது. இருவரும் ஒருவரே என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

1994இல் கனடாவில் நடந்த ஒரு சோதனையில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாள். வருங்காலத்தைப் பற்றி யோசிக்கும்போது நாம் இடையூறுகளைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

எனவே தீர்மானத்துக்கு இரண்டு அளவுகள் எழுதுங்கள். ஒன்று நல்ல நாள் அளவு, இன்னொன்று கெட்ட நாள் அளவு. நடைப்பயிற்சி என்றால் நல்ல நாளில் 40 நிமிடம், கெட்ட நாளில் செருப்பை மாட்டித் தெருமுனை வரை போய்வருவது. மொழி கற்பது என்றால் நல்ல நாளில் ஒரு பாடம், கெட்ட நாளில் மூன்று சொற்கள். நாட்குறிப்பு என்றால் ஒரு பக்கம், அல்லது ஒரு வரி.

கெட்ட நாள் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அதைப் பிறரிடம் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்க வேண்டும். "மூன்று சொற்களா? இதெல்லாம் ஒரு படிப்பா?" என்று யாராவது சிரிப்பார்களோ என்று தோன்றினால் அளவு சரி. தோன்றாவிட்டால் இன்னும் குறையுங்கள்.

இதில் ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்கலாம். மூன்று சொற்களால் யாரும் மொழி கற்றுவிட மாட்டார்கள், உண்மைதான். அதன் பயன் நாளைக்கு. நாளை நோட்டைத் திறக்கும்போது முந்தின நாள் காலியாக இருக்காது.

படி 3: எதற்குப் பிறகு?

'தினமும் படிப்பேன்' என்பதற்கு இடமும் இல்லை, வேளையும் இல்லை. 'இரவு பல் துலக்கி முடித்ததும், கட்டிலின் வலப்பக்கம் உட்கார்ந்து படிப்பேன்' என்பதற்கு இரண்டும் உண்டு. ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒன்றின் வாலில் புதியதைக் கட்டிவிடுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்ற வடிவத்தில் திட்டமிடுவதைப் பல காலம் ஆராய்ந்தவர். 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் அப்படிப்பட்ட 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறுமனே ஆசைப்படுவதைவிட இந்த முறைக்குக் கணிசமான பலன் இருந்தது.

கடிகார நேரத்தைவிட இன்னொரு செயலோடு கட்டுவதே எனக்கு ஒத்துவந்தது. காலை ஆறு மணி என்று வைத்தால் 6.20க்கு எழுந்த நாள் தோல்வி நாள் ஆகிவிடுகிறது. 'முகம் கழுவியதும்' என்று வைத்தால் எத்தனை மணிக்கு எழுந்தாலும் முகம் கழுவத்தானே போகிறோம்.

படி 4: விடுப்பு நாட்களை முன்கூட்டியே வாங்குங்கள்

வாரத்தில் ஏழு நாளும் செய்வதாக எழுதுங்கள். கூடவே, தவிர்க்க முடியாமல் போனால் எடுத்துக்கொள்ள இரண்டு விடுப்பு என்றும் எழுதுங்கள். 'வாரத்துக்கு ஐந்து நாள்' என்று எழுதினாலும் கணக்கு அதுதானே என்று தோன்றும். மனசுக்கு அது அல்ல. மரிஸா ஷரீஃப், சூசன் ஷூ என்ற இருவர் 2017இல் இதைச் சோதித்தார்கள். கடினமான இலக்கோடு அவசரத்துக்குச் சில விடுப்புகள் கொடுக்கப்பட்டவர்கள், எளிதான இலக்கு கொடுக்கப்பட்டவர்களைவிட விடாப்பிடியாகத் தொடர்ந்தார்கள். விடுப்பு கையில் இருந்தும் அதைச் செலவழிக்க மனம் வராமல் சேமித்தே வைத்தார்கள். பெட்டியில் வைத்திருக்கும் பணம் மாதிரி.

அதைவிட முக்கியம், தவறிய நாளுக்கு ஒரு பெயர் கிடைக்கிறது. அது விடுப்பு. நனைதல் கணக்கில் சேராது.

ஒரு விலக்கு. புகை, மது போன்றவற்றை நிறுத்துகிறவர்களுக்கு இந்த விடுப்பு முறை வேண்டாம். அங்கே 'ஒன்றே ஒன்று' என்பது வேறு வகை வாசல். தினமும் அதிகமாகக் குடித்துப் பழகியவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முதல் உயிராபத்து வரை நேரலாம். அது தீர்மானத்தின் வேலை அல்ல, மருத்துவரின் வேலை. புகையை விடுகிறவர்களும் மருத்துவ உதவியோடு செய்தால் வாய்ப்பு கூடும். ஆனால் அடுத்த படி அவர்களுக்கும் பொருந்தும்.

படி 5: தவறிவிட்டது. இப்போது என்ன?

விடுப்பும் தீர்ந்தது, அன்றும் செய்யவில்லை. அல்லது நிறுத்தியதை மறுபடி தொட்டுவிட்டீர்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

1975இல் ஹெர்மன், மேக் என்ற இருவர் கல்லூரி மாணவிகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். சிலருக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு, சுவை பார்த்துச் சொல்லுங்கள் என்று எல்லோர் முன்பும் ஐஸ்கிரீம் வைத்தார்கள். மில்க்ஷேக் குடித்தவர்கள் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட வேண்டும், அதுதான் இயல்பு. உணவுக் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் அப்படியே செய்தார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ மில்க்ஷேக் குடித்த பிறகு முன்னைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். இன்றைய கட்டுப்பாடு எப்படியும் உடைந்துவிட்டது, இனி எவ்வளவானால் என்ன? ஹெர்மனும் ஜேனட் பொலிவியும் பின்னாளில் இந்த மனநிலைக்கு வேடிக்கையாக ஒரு பெயர் வைத்தார்கள். நமக்குப் புதுப் பெயர் தேவையில்லை. 'தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன' என்று என்றைக்கோ சொல்லி வைத்திருக்கிறோம்.

குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களோடு வேலை செய்த ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதையே இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தார். ஒருமுறை சறுக்குவது வேறு, பழைய நிலைக்கே திரும்பிப் போவது வேறு என்று பிரித்தார். முதலாவது இரண்டாவதாக மாறுவது, சறுக்கியவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் காரணத்தைப் பொறுத்தது என்றார். 'நேற்று நண்பர்கள் கூடியிருந்த இடத்தில் தவறிவிட்டேன்' என்பவர் அடுத்தமுறை அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறார். 'நான் எதற்குமே லாயக்கில்லை' என்பவரிடம் பார்த்துக்கொள்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

சறுக்கிய அன்று செய்ய வேண்டியது மிகக் குறைவு.

தீர்மானத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். விட்டுவிடலாம் என்றும் வேண்டாம், இனிமேல் இரண்டு மடங்கு என்றும் வேண்டாம். கோபத்தில் இருக்கும்போது கடிதம் எழுதக் கூடாது என்பார்களே, அதுபோல.

ஒரே ஒரு வரி குறித்து வையுங்கள். எப்போது, எங்கே, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. 'செவ்வாய், இரவு 11, வேலையில் வாக்குவாதம், சோபாவிலேயே தூங்கிவிட்டேன்' என்ற அளவு போதும். உங்கள் குணத்தைப் பற்றி அந்த வரியில் எதுவும் எழுதக் கூடாது. 'சோம்பல்' என்ற சொல்லுக்குத் தடை.

மறுநாள், கெட்ட நாள் அளவை மட்டும் செய்யுங்கள். எவ்வளவு உற்சாகம் இருந்தாலும் அது மட்டும்தான். நான் அதிகம் தடுமாறியது இந்த இடத்தில். ஒரு நாள் விட்டால் மறுநாள் இரண்டு பக்கம் எழுதி ஈடுகட்டப் பார்ப்பேன். இரண்டு நாள் விட்டால் மூன்று பக்கம். நான்கு நாள் விட்டால் ஐந்து பக்கக் கடன் தலைமேல் நிற்கும், யார் நோட்டைத் திறப்பார்கள்? தவறிய நாள் தவறியதுதான். அதைத் தள்ளுபடி செய்துவிடுங்கள், வட்டி போடாதீர்கள்.

உங்களைத் திட்டிக்கொள்வதால் அடுத்தமுறை ஒழுங்காக இருப்பீர்கள் என்று நம்பினால், கனடாவில் மைக்கேல் வோல் குழுவினர் 2010இல் வெளியிட்ட முடிவைச் சொல்கிறேன். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்ட மாணவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்கு முன் தள்ளிப்போடுவதைக் குறைத்தார்கள். திட்டு வாங்கிய பாடத்தை யாருக்கும் திறக்கப் பிடிக்காது. திட்டுவது நாமே ஆனாலும் அப்படித்தான்.

படி 6: சங்கிலியை எண்ணாதீர்கள்

தொடர்ந்து எத்தனை நாள் என்று எண்ணும் செயலிகள் நிறைய வந்துவிட்டன. 43 நாள், 44 நாள் என்று ஏறும்போது நன்றாகத்தான் இருக்கும். 45இல் தவறினால் அது பூஜ்யம் காட்டும். 44 நாள் உழைப்பு எங்கே போனது? உடம்பிலும் பழக்கத்திலும் அப்படியே இருக்கிறது, திரையில்தான் இல்லை. செயலி வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மொத்தத்தை எண்ணுங்கள். 'இந்த மாதம் 30இல் 23' என்பது தவறிய மறுநாளும் குறையாத எண். நாட்காட்டித் தாளில் பேனாவால் ஒரு கோடு போட்டாலே போதும்.

இதற்கு ஆதாரமும் உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஆளுக்கு ஒரு சிறு பழக்கம். அது யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுவாக 66 நாள் பிடித்தது. ஆளாளுக்கு 18 நாள் முதல் 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது (12 வாரத்தைத் தாண்டியவை, அவர்கள் போன வேகத்தை வைத்துக் கணித்தவை). இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் வேர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர் 1960இல் எழுதியதில் இருக்கிறது. முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்தார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது, முகமும் விழுந்துவிட்டது. எண் மட்டும் ஊர் ஊராகப் போகிறது. 22ஆம் நாளும் கஷ்டமாக இருந்தால் உங்களிடம் குறையொன்றும் இல்லை.

படி 7: மாதம் ஒருமுறை சறுக்கல் வரிகளைப் படியுங்கள்

படி 5இல் எழுதிய வரிகள் இப்போது நாலைந்து சேர்ந்திருக்கும். ஒன்றாகப் படித்தால் ஏதாவது ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். என்னுடையதில் 'ஞாயிறு' வந்தது. வார நாட்களில் ஒழுங்காக எழுதுபவன் ஞாயிறுதோறும் கோட்டைவிட்டிருக்கிறேன், ஏனென்றால் அன்று என் நாளுக்கு வரிசையே கிடையாது. மன உறுதியை வளர்க்க வேண்டிய அவசியம் எதுவும் இருக்கவில்லை. ஞாயிறுக்கு மட்டும் நோட்டைத் தலையணை மேல் வைத்தேன், தீர்ந்தது.

ஒரே காரணம் மூன்று முறை வந்தால் திட்டத்தை மாற்றுங்கள். வேளையை மாற்றலாம், இடத்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம்.

படி 8: நீண்ட இடைவெளி

உடம்பு முடியாமல் போகும். வீட்டில் துக்கம் நடக்கும். வேலை மாறும். மூன்று வாரம், இரண்டு மாதம் என்று போய்விடும். அதற்கும் வழி ஒன்றுதான், கெட்ட நாள் அளவிலிருந்து தொடங்குவது. உடற்பயிற்சி என்றால் இது கட்டாயம். விட்ட இடத்திலிருந்து அதே பாரத்தைத் தூக்கினால் தசைப்பிடிப்போடு இன்னொரு மூன்று வாரம் போகும்.

எப்போது தொடங்குவது? வாரத்தின் முதல் நாள், மாதத்தின் முதல் நாள், பிறந்த நாள் போன்ற நாட்களுக்கு அடுத்து மக்கள் புது முயற்சிகளில் இறங்குவது கூடுகிறது என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த வேகம் இலவசமாகக் கிடைக்கிறது என்றால் பயன்படுத்துங்கள். ஆனால் புதன்கிழமை உட்கார்ந்துகொண்டு 'திங்களிலிருந்து' என்பவருக்கு நடுவில் நாலு நாள் வெள்ளம் தலைக்கு மேல் போகும். ஏப்ரலில் உட்கார்ந்து 'அடுத்த ஜனவரி' என்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது நானாகவே இருந்தேன். இன்றைக்கு அந்தக் கூச்சம் தருகிற அளவைச் செய்துவிட்டு, திங்கட்கிழமை முறையாகத் தொடங்குங்கள். இரண்டுக்கும் சண்டை இல்லை.

விட்டுவிடுவதாக இருந்தால்

சில தீர்மானங்கள் தவறாக எடுத்தவை. யாரையோ பார்த்து எடுத்தது, யாரோ சொல்லி எடுத்தது, சூழ்நிலை மாறியதால் பொருளிழந்தது. அவற்றை விடுவதில் அவமானம் இல்லை. ஆனால் சறுக்கிய வாரத்தில் விடாதீர்கள். மூன்று நான்கு நாள் ஒழுங்காகச் செய்த பிறகு, நல்ல நாள் ஒன்றில் உட்கார்ந்து, தேதி போட்டு, காரணத்தோடு எழுதி முடியுங்கள். அந்த நாளிலும் விடத் தோன்றினால் அது உங்கள் முடிவு.

காலை ஐந்து மணிக்கு எழுவேன் என்று ஒரு வருடம் எடுத்த தீர்மானத்தை மே 17 அன்று அப்படித்தான் முடித்தேன். 'நான் இரவில் எழுதுகிறவன், காலையில் எழுந்து எதையும் செய்யவில்லை, சுவரைப் பார்த்தேன்' என்று காரணம் போட்டிருக்கிறேன். அதே நோட்டில் அடுத்த பக்கம் காலி. அதற்கடுத்த பக்கத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது: "இன்று மழை, வேறொன்றுமில்லை."